சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட சொல்

ராசா,

நீ அரியாலையில் மாமா வீட்டில் இருக்கும்போதே இது உன் கைக்கு வந்து சேர வேணும். வெள்ளிக்கிழமை நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுன்னாகத்துக்கு ரயில் ஏறிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் "ஓம்" என்று சொன்ன பிள்ளை நீ. நீ வந்து முன்னால் நின்றால் எனக்கு இதைக் கதைக்க வாய் வராது. சோறு போடுவேன், சட்டையைத் தோய்த்துப் போடுவேன், பேசாமல் இருந்துவிடுவேன். எங்கள் வீட்டில் அப்படித்தானே எல்லாம் நடந்திருக்கிறது? ஆனபடியால் எழுதுகிறேன். உனக்கு மீசை அரும்பிய காலத்திலேயே எழுதியிருக்க வேண்டியது; பிந்திவிட்டது. எனக்கு இன்னும் நாற்பது வயதாகவில்லை, அதற்குள் எல்லாவற்றுக்கும் நெஞ்சு பதறுகிறவளாகிவிட்டேன் என்று நீ பகிடி பண்ணுவாய். பண்ணு. ஆனால் வாசித்து முடித்துவிட்டுப் பண்ணு.

நீ அரிவரி படிக்கிற காலத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் அழுதுகொண்டு வந்தாய். "கொப்பர் ஒவ்வொரு நாளும் சாகவோ போறவர்?" என்று கூடப் படிக்கிற பெடியள் கேட்டார்களாம். காரணம் உனக்கே தெரியும். காலையில் படலையைத் திறக்கும்போது உன் அப்பா உரத்த குரலில் "நான் போறன்" என்பார். எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிற ஒருவனும் அப்படிச் சொல்லமாட்டான். சந்தைக்குப் போகிறவனும் "வாறன்" என்பான், மலாயாவுக்குக் கப்பலேறப் போகிறவனும் "வாறன்" என்பான். செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போவது வழக்கம். அப்பாவின் சத்தம் கேட்டால் முன்வீட்டு மாமி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவா. நீயும் நானும் கூட "போறன்" என்றுதான் சொல்லிவிட்டு வெளிக்கிட வேணும் என்பது அவருடைய சட்டம். நீ அழுதுகொண்டு வந்த அன்றைக்கு நான் உன் மூக்கைத் துடைத்துவிட்டு, அது அப்பாவின் பழக்கம் என்று மட்டும் சொன்னேன். பழக்கம் இல்லை, ராசா. அது ஒரு காவல் என்று அவர் நினைத்தார்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த ஒரு ரீச்சர் எங்களிடம் தமிழ் பழகினா. நாங்கள் அவவின் அறையை விட்டு வெளிக்கிடும்போது "வாறம் மிஸ்" என்போம். அவ கதவைத் திறந்துபிடித்தபடி நிற்பா. நாங்கள் விடுதிக்குப் போய்ச் சோறும் தின்றுவிடுவோம், அவ அங்கேயே நின்றுகொண்டிருப்பா. பிறகு ஒரு நாள், "உங்கள் பாஷையில் ஒருவரும் போகிறதே இல்லையா?" என்று கேட்டா. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வருகிறவளும் போகிறவளும் ஒரே சொல்லைச் சொன்னாலும் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், பார்க்கத் தெரியாத வெள்ளைக்காரிக்குத்தான் குழப்பம் என்று நான்தான் பெரிய விளக்கம் கொடுத்தேன். முகத்தைப் பார்த்தால்! நடுவில் ஒரு சுவர் இருந்தால் என்ன செய்வது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சுவரை உனக்குத் தெரியும், ஆனால் நீ அதைச் சுவராகப் பார்த்திருக்கமாட்டாய். அப்பா வேலை செய்கிற மில்லில் இந்தப் பக்கம் இஞ்சின் அறை, அந்தப் பக்கம் நெல்லுக் குத்துகிற மெசினும் எண்ணெய் ஆட்டுகிற செக்குகளும். சுவரில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையால் பெல்ட் போய், தரைக்குக் கீழே குழிக்குள் கிடக்கிற நீளமான இரும்பு அச்சைச் சுழற்றும். இஞ்சின் விடியத் தொடங்கி ஓடிக்கொண்டே இருக்கும். அப்பாவின் கைக்கு ஒரு தடி இருக்கிறதல்லவா, அதை ஒரு பக்கம் தள்ளினால் பெல்ட் சும்மா சுற்றுகிற சக்கரத்தை விட்டு வேலைச் சில்லில் ஏறும், சுவருக்கு அங்காலே எல்லாம் ஒரே நேரத்தில் உருளும். மற்றப் பக்கம் இழுத்தால் அங்காலே எல்லாம் நிற்கும். குழிக்குள் உமியும் தூசியும் அடைத்துப் பெல்ட் வழுகினால் தடியை இழுத்து நிற்பாட்டிவிட்டு ஒரு ஆள் உள்ளே இறங்கித் துப்புரவாக்க வேணும். தடி பிடிக்கிறவருக்குக் குழி தெரியாது. சுவரின் ஓரத்தில் ஒரு வாசல் உண்டு. தடியை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து குனிந்தால்தான் தெரியும். ஆனால் சத்தம் போட்டாலே போதும் என்று எல்லாரும் பழகியிருந்தார்கள். "சரி" என்றால் தள்ளு, "பொறு" என்றால் பொறு.

அந்தக் காலத்தில் குழிக்கு இறங்குகிறவர் உன் பெரியப்பா. அண்ணன் குழிக்குள், தம்பி தடியில். முதலாளிக்கு இதைவிட என்ன வேணும்? ஒரே வீட்டு ஆட்கள், ஒருவர் குரல் ஒருவருக்குப் பழக்கம். நீ தவழத் தொடங்கியிருந்த நேரம் அது. பெரியப்பாவுக்கு உடுப்பிட்டியில் ஒரு பெண் பேசி, சாதகமும் பொருந்தி, நாள் வைக்க இருந்தோம். சந்தை நாள். புது நெல்லு வந்த காலம். மில் வாசலிலிருந்து ரயில் பாதை வரைக்கும் வண்டிகள். மாடுகள் வெயிலில் நின்று கத்துகின்றன, வண்டிக்காரர் இறங்கி நின்று கத்துகிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பெல்ட் வழுகிவிட்டது. அப்பா தடியை இழுத்தார், பெரியப்பா குழிக்குள் இறங்கினார். முதலாளி வந்து இஞ்சின் அறைக்குள் தலையை நீட்டி, "என்னடாப்பா, இஞ்சினுக்கும் நடை சாத்தியாச்சோ? எப்ப திறப்பியள்?" என்று கேட்டாராம். வண்டிக்காரர் எல்லாரும் சிரித்தார்களாம். அப்போது சுவருக்கு அங்காலே இருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

"தம்பி, நான் வாறன்."

ஒவ்வொரு மத்தியானமும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வெளிக்கிடும்போது அவர் சொல்கிற அதே சொல், அதே இழுவை. அண்ணை வேலையை முடித்து ஏறிவிட்டார், வீட்டுக்குப் போகிறார் என்று அப்பா எடுத்துக்கொண்டார். தடியைத் தள்ளினார்.

மற்றதை நான் எழுதமாட்டேன். வேட்டி முதலில் அகப்பட்டது, பிறகு கால். ஆஸ்பத்திரியில் தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு நினைவு திரும்புவதற்கு முன்னமே மில்லில் நின்ற எல்லாருமாகச் சேர்ந்து காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: அவன் "நான் உன்னட்டை வாறன், பொறு" என்ற கருத்தில் சொல்லியிருக்கிறான், தம்பிக்காரன் வீட்டுக்குப் போவதாக விளங்கிக்கொண்டான். பாழ்பட்ட சொல்லால் வந்த வினை. உடுப்பிட்டிக்காரர் கலியாணப் பேச்சை விட்டுவிட்டார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தார், அரிசி அனுப்பினார், "உன்ரை பெடியன் வளரட்டும், அவனுக்கும் இஞ்சை இடம் இருக்கு" என்றார். உன்னைப் பார்த்துத்தான் சொன்னார். நீ அப்போது அவருடைய கைப்பிரம்பைப் பிடித்து எழும்ப முயன்றுகொண்டிருந்தாய். எல்லாரும் அதை ஒரு நல்ல குறியாகப் பார்த்தார்கள். நான் உன் விரல்களை அந்தப் பிரம்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

அதன் பிறகு உன் அப்பா அந்தத் தடியை விட்டு அசையவில்லை. வேறொருவன் கையில் கொடுத்தால் இன்னொருவன் கால் போகும் என்ற பயம். நல்லூர்த் தேர் எத்தனை ஓடிவிட்டது, அவர் பார்க்கவில்லை. மாமாவின் கலியாணத்துக்குத் தாலி கட்டுகிற நேரத்துக்கு வந்து, கட்டி முடிந்ததும் திரும்பி மில்லுக்கு நடந்தார். பெண் வீட்டார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் குத்துவார்கள். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க இடம் வந்தது. அங்கேயே தங்க வேணும். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியப்பா ஊன்றுகோலோடு கிணற்றடிக்குப் போக முயன்று விழுந்த கிழமை அது. நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்பை மூட்டினேன். ஒருவர் தடியில் அகப்பட்டார், ஒருவர் சாக்குக் கட்டிலில் அகப்பட்டார், நான் இருவருக்கும் நடுவில். கதவு திறந்துதான் கிடந்தது. அதுதான் இன்னும் கொடுமை.

மில்லில் புதுச் சட்டம் வந்தது. வெளிக்கிடுகிறவன் "போறன்" என்றுதான் சொல்ல வேணும், குழிக்குள் நிற்கிறவன் "உள்ளுக்கு" என்று கத்திக்கொண்டே இருக்க வேணும். வீட்டுக்கும் அந்தச் சட்டம் வந்தது. நாங்கள் சொல்லைத் திருத்தினோம், ராசா. அந்த வாசலில் ஒரு ஆளை நிறுத்த வேணும் என்று இத்தனை படித்த எனக்கும் தோன்றவில்லை. காதை நம்பித்தான் அவர் வேலை செய்துகொண்டே இருந்தார். அந்தக் காதுக்குப் பக்கத்தில் இஞ்சினும் இடித்துக்கொண்டே இருந்தது.

இப்போது அந்தக் காது போய்விட்டது. நீ கவனித்திருப்பாய், வலப் பக்கமாக நின்று கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. நீ மாமா வீட்டுக்குப் போன பிறகு நடந்ததை உனக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மெசின்கள் நின்ற ஒரு நேரத்தில், மில்லில் அரிசி கொழிக்கிற பொன்னம்மாவின் சுளகு குழிக்குள் விழுந்துவிட்டது. அவ "உள்ளுக்கு, உள்ளுக்கு" என்று கத்திக்கொண்டுதான் குனிந்தாவாம். அப்பா தடியைத் தள்ளிவிட்டார். மற்றப் பெண்கள் அவவின் சேலைக் கொய்யகத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார்கள். சுளகு மட்டும் போய் ஈர்க்கு ஈர்க்காகத் திரும்பி வந்தது. பொன்னம்மா அதைக் கையில் ஏந்திக்கொண்டு இஞ்சின் அறை வாசலில் வந்து நின்று, "ஐயா, சுளகுக்குச் சுளகு வாங்கித் தாங்கோ. தலை போயிருந்தால் என்னத்தை வாங்கித் தருவியள்?" என்று கேட்டா. அவ கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அப்பா அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், தின்னவில்லை.

முதலாளிக்கும் விஷயம் போய்விட்டது. பட்டணத்திலிருந்து வேறு ஆளைக் கொண்டுவரட்டுமா, அல்லது உன் மகன் வந்து பக்கத்தில் நிற்கிறானா என்று கேட்டிருக்கிறார். அதனால்தான் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு உன்னைத் தேடி அரியாலைக்கு வந்தார். தையிலிருந்து தன்னோடு வந்து நில் என்று கேட்டார். கொழும்புக் கந்தோரில் உனக்குக் கிளாக்கர் இடம் கிடைத்த செய்தியை மாமா வாயைத் திறந்து சொல்வதற்கு முன்னமே, நீ "ஓம் அப்பா" என்றாய். நான் உன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியால் வந்த நாளில் பெரியப்பா தன் கட்டிலைப் பார்த்த முகம் அது.

வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் பின்னேரம் நானும் பெரியப்பாவும் வளவில் இருந்து வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தோம். நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்: ஒரு சொல் மாறி விளங்கினதற்கு இந்த வீடு கொடுத்தது போதும், என் பிள்ளையையும் கொடுக்கமாட்டேன் என்று. அவர் கட்டின பிடியை அவிழ்த்தார். திரும்பக் கட்டினார். பிறகு என்னைப் பாராமல் கதைத்தார்.

"சொல்லு மாறி விளங்கேல்லைப் பிள்ளை. நான் வீட்டை வரத்தான் வெளிக்கிட்டனான். வேலை முடிஞ்சுது, ஏறிட்டன், அவனுக்குச் சொல்லியும் போட்டன். பிறகு மடியைத் தடவினால் கொட்டைப்பெட்டியைக் காணேல்லை. குழிக்குள்ளை வைச்சிட்டு வந்திட்டன். ஒரு எட்டிலை எடுத்துப்போடலாம் எண்டு திரும்ப இறங்கினனான்."

கொட்டைப்பெட்டி! வெற்றிலையும் சில்லறையும் போட்டு வைக்கிற அந்த ஓலைப்பெட்டி. இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கண் முழிச்சபோது அவன் காலடியிலை இருந்து அழுகிறான். ஊரெல்லாம் ஒரு காரணம் சொல்லுது. அது மரியாதையான காரணமாக் கிடந்தது. வெத்திலைப் பெட்டிக்காகக் காலைக் குடுத்தவன் எண்டு சந்தையிலை சிரிப்பாங்கள் எண்டு வெக்கப்பட்டன். பிறகு நாள் போகப் போகச் சொல்ல ஏலாமல் போச்சு. அவன் 'போறன், போறன்' எண்டு படலையிலை கத்தேக்கை எல்லாம் எனக்கு இல்லாத கால் குத்தும்."

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு ஒரு பேராசை வந்தது. அப்பா சரியாகத்தான் கேட்டிருக்கிறார்! குற்றம் இல்லை என்று தெரிந்தால் அந்தத் தடியை விட்டுவிடுவார், வேறு ஆள் வரட்டும் என்பார், நீயும் தப்புவாய், நானும் தப்புவேன். இன்றைக்கே சொல்லுங்கோ என்று பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அப்பா வந்து கிணற்றடியில் எண்ணெய் அழுக்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது பெரியப்பா ஊன்றுகோலை ஊன்றி அவருடைய இடப் பக்கமாகப் போய் நின்று, ஒன்றும் மறைக்காமல் சொன்னார். நான் துலாவின் கீழ் வாளியைப் பிடித்தபடி நின்றேன். அப்பா முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டார். கழுவினார். "கேட்டதோ?" என்று பெரியப்பா கேட்டார்.

"கேட்டது," என்றார். கையைத் துடைத்தார். "என்ன சொன்னால் என்னண்ணை? சுவரிலை வாசல் இருந்தது. நான் எட்டிப் பாக்கேல்லை."

அவ்வளவுதான். சாப்பிடப் போய் இருந்துவிட்டார். அவர் சொன்னது சரி, ராசா, அதுதான் என்னால் தாங்க ஏலாமல் இருந்தது. நீ எந்த வேலைக்குப் போனாலும், இஞ்சினோ பேனாவோ, இதை மட்டும் எங்களிடமிருந்து கொண்டுபோ: வாய்ச் சொல் சரியாக இருந்தாலும் ஆள் அங்கே இருக்கிறானா என்று பார்க்கிறதற்கு அது ஈடாகாது. சொன்ன பிறகு மனுசன் திரும்பி இறங்குவான். எதையோ மறந்துவிட்டுத் திரும்பி இறங்காத மனுசன் யார்? பின்னால் எத்தனை வண்டி நின்றாலும் போய்ப் பார். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

அவரை விடுவிக்க எந்த நியாயமும் போதாது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தக் காதோடு அவர் தனியாகத் தடியில் நிற்கவும் கூடாது. பொன்னம்மாவுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. வாசலில் ஒரு ஆள் வேணும். ஆனபடியால் நேற்றுக் காலை நான் சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னால் மில்லுக்கு நடந்தேன். முன்வீட்டு மாமி படலைக்கு வந்து பார்த்தா. அப்பா ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "என்ன பிள்ளை, மில்லுக்குள்ளை பள்ளிக்கூடம் வைக்கப் போறீரோ?" என்று கேட்டார். வாசலில் நிற்கப் போகிறேன் என்றேன். குழிக்குள் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு நான் கையை உயர்த்தினால்தான் தடி தள்ளுப்படும். இதற்குத் தனிச் சம்பளம் வேண்டாம், பெடியனையும் கேட்க வேண்டாம் என்றேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். படித்த பெண்ணை உமித் தூசிக்குள் நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும் என்றார். பொன்னம்மா கொழித்துக்கொண்டே, "ஊர் வந்து நிக்குமெண்டால் ரீச்சரம்மாவை வீட்டை அனுப்பலாம்," என்றா. பெண்கள் சிரித்தார்கள். முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் தரம் நான் குனிந்து பார்த்தேன். குழிக்குள் அச்சும் உமியும்தான். கையை உயர்த்தினேன். அப்பா தடியைத் தள்ளவில்லை. விட்டுவிட்டு வந்து, எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, தானும் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு போய்த்தான் தள்ளினார். இரண்டாம் தரமும் வந்தார், அதற்கடுத்த தரமும் வந்தார். வண்டிக்காரர் முணுமுணுத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் ஒரு தரம் நான் கையை உயர்த்தினபோது அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நின்ற இடத்திலிருந்தே தள்ளிவிட்டார்.

அவர் என்னை நம்பிவிட்டார், ராசா. இனி நான் அந்த வாசலை விட்டு அசைய ஏலாது. அது எனக்குத் தெரிந்துதான் போய் நின்றேன். நீ அதற்காக அழவும் வேண்டாம், ஓடி வரவும் வேண்டாம். நீ வந்தால் அந்த வாசலில் இரண்டு பேர் நிற்போம், அவ்வளவுதான் வித்தியாசம். நீ கொழும்புக்குப் போகிறாய் என்று அப்பாவுக்கு நான் சொல்லிவிட்டேன். அவர் ஓம் என்று சொல்லவில்லை. ஆனால் உன்னுடைய மற்றப் பெட்டியை இன்று காலை அவரே கயிறு போட்டுக் கட்டினார். வெங்காய வண்டியில் இந்தக் கடிதத்தோடு வருகிறது. இறக்கி வாங்கு. வெள்ளிக்கிழமை கொழும்பு ரயிலுக்கு மாமா உன்னைக் கூட்டிக்கொண்டு போவார். பூட்டின் திறப்பு உள்ளே, வெள்ளை வேட்டியின் மடிப்புக்குள் என்று எழுத இருந்தேன். பெட்டிக்குள் திறப்பை வைத்து எப்படிப் பூட்டுவது? அப்பா பூட்டவே இல்லை. கயிற்றை அவிழ்த்தால் போதும்.

அம்மா